யாருடைய வாழ்வுக்கான திறன்? தொழில் வழித்தடத்துப் பள்ளிகளில் கணித மென்பொருள்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் அமைந்த சுங்குவார்சத்திரம், கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய மின்னணு உற்பத்தியின் முகவரிகளுள் ஒன்றாகிவிட்டது. ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையும், 2007 முதல் இயங்கிவரும் சாம்சங் ஆலையும் இங்கேதான் உள்ளன. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் எனச் சிப்காட் வளாகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விரிகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 23.7 விழுக்காடு, மாநிலச் சராசரி 20 விழுக்காடு. இவ்வட்டார அரசுப் பள்ளியின் வகுப்பறையைப் பற்றிப் பேசும்போது, பெருமளவுக்குத் தலித் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறோம்.

அந்த வகுப்பறைகளுக்குள் திரைகள் வந்துவிட்டன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள். தொடக்கப் பள்ளிகளுக்காக மாநிலம் முழுவதும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள். ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள். 2023இல் வெளியான ‘மணற்கேணி’ செயலி. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் ஒவ்வொரு இயலிலும் கியூஆர் குறியீடு. நிறுவனங்களும் இத்துறையில் இறங்கியுள்ளன. சாம்சங் 2025இல் தமிழ்நாட்டின் 10 அரசுப் பள்ளிகளில் ‘டிஜிஅறிவு’ என்ற பெயரில் அறிவியல், கணிதக் கற்றலை எண்மமயமாக்கும் சமூகப் பொறுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய அறிவிப்புகளில் கணிதத்தோடு ‘வாழ்வியல் திறன்கள்’ என்ற சொல்லும் இணைந்தே வருகிறது.

இரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது. வகுப்பில் பின்தங்கிவிட்ட குழந்தைக்கு மென்பொருள் உண்மையிலேயே கணக்குக் கற்பிக்கிறதா என்பது முதற்கேள்வி. அதற்கு விடையளிக்கப் போதிய ஆய்வுகள் உள்ளன. வாழ்வியல் திறன் என்னும்போது யாருடைய வாழ்வு மனத்தில் கொள்ளப்படுகிறது என்பது இரண்டாவது. அதை இதுவரை எவரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

காட்டும் திரையும் கேட்கும் திரையும்

கல்வி மென்பொருள் என்ற ஒரே பெயரின்கீழ் இருவேறு பொருள்கள் உலவுகின்றன. ஒன்று, பாடத்தைக் காட்டுவது: காணொளி, அசைபடம், இறுதியில் நான்கைந்து வினாக்கள். மற்றொன்று, குழந்தையின் விடையைக் கேட்டு, அவ்விடைக்கேற்ப அடுத்த வினாவைத் தேர்ந்தெடுப்பது. தமிழ்நாட்டில் இதுவரை பெரும்பாலும் முதல் வகைக்கே பணமும் கவனமும் சென்றுள்ளன. பயன் விளைந்ததற்கான சான்று இருப்பதோ இரண்டாம் வகைக்கு.

52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் குழந்தைகள் பலர். ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையால் சுழித்துவிடுவது வழக்கம். அது கவனக்குறைவன்று, எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அக்குழந்தை தனக்குத்தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டுள்ளது. அவ்வாறே 3.8ஐவிட 3.12 பெரிது என்று சொல்லும் மாணவர், 12 என்பது 8ஐவிடப் பெரிது என்ற முழு எண் விதியைத் தசமத்துக்கும் நீட்டிக்கிறார். நல்ல மென்பொருள் இத்தவறுகளை வகைபிரித்து அறிகிறது; எந்த விதி பிறழ்ந்துள்ளது எனக் கண்டு, இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு இறங்க வேண்டுமானால் இறங்குகிறது. எட்டாம் வகுப்பு மாணவரை இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு அழைத்துச் செல்வதை நாற்பது பேர் முன்னிலையில் ஓர் ஆசிரியர் செய்தால் அவமானம் நேரும். திரைக்கு முன் அது அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

2000களின் தொடக்கத்தில் குஜராத்தின் வடோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் ‘பிரதம்’ அமைப்பு நான்காம் வகுப்பு மாணவருக்குக் கணித விளையாட்டுகள் வழியே பயிற்சி அளித்தது. ஒரு கணினிக்கு இருவர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு இறுதியில் கணிதத் தேர்ச்சி 0.47 திட்டவிலக்கம் உயர்ந்ததைக் காட்டியது. நிகழ்ச்சி முடிந்து ஓராண்டு கழித்து அளந்தபோது அதில் ஏறத்தாழ 0.1 மட்டுமே எஞ்சியிருந்தது. குஜராத்திலேயே ‘ஞான்சாலா’ பள்ளிகளில் லீ லிண்டன் நடத்திய மற்றோர் ஆய்வின் முடிவு இன்னும் கூர்மையானது. ஆசிரியரின் பாடவேளையை எடுத்துக்கொண்டு கணினியைத் தந்தபோது குழந்தைகளின் தேர்ச்சி குறைந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகத் தந்தபோது உயர்ந்தது. மென்பொருள் ஒன்றுதான்; எதன் இடத்தில் அது வந்து அமர்ந்தது என்பதே விளைவை முடிவுசெய்தது.

தில்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் ஆகியோர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் மென்பொருளை நான்கரை மாதங்கள் பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்ற நடுநிலைப் பள்ளி மாணவரின் கணிதத் தேர்ச்சி 0.37 திட்டவிலக்கம் உயர்ந்தது. எளிமையாகச் சொன்னால், 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் ஏறத்தாழ 14 இடங்கள் முன்னேறுவதற்கு நிகர். விளம்பரங்களில் இந்த எண்ணை மட்டும் எடுத்தாள்பவர்கள், அதே ஆய்வின் மூன்று செய்திகளை விட்டுவிடுகின்றனர். முதலாவது, 90 நிமிட அமர்வில் மென்பொருளுக்கு 45 நிமிடமே. மீதி 45 நிமிடம் ஒரு பயிற்றுநர் சிறு குழுவுக்குக் கற்பித்தார். இரண்டாவது, ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது அவ்விடைவெளி நான்கரை வகுப்பாக விரிந்திருந்தது. மூன்றாவது செய்திதான் மிகவும் கசப்பானது. மென்பொருள் கிடைக்காமல் வழக்கமான பள்ளிக்கு மட்டும் சென்ற மாணவருள், கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அக்காலத்தில் ஏறத்தாழ எதையுமே புதிதாகக் கற்கவில்லை.

அந்தக் கடைசி மூன்றில் ஒரு பங்கில் யார் அமர்ந்திருப்பார்கள் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஏசர் ஊரக ஆய்வின்படி, இந்திய அளவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் 30.7 விழுக்காட்டினரே ஒரு வகுத்தல் கணக்கைச் செய்ய முடிந்தவர்கள். தமிழ்நாட்டில் கொரோனா காலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அந்த இருபது மாதங்களில் கல்வி கைப்பேசிக்குள் சென்றுவிட்டது. 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி ஊரக இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 4.4 விழுக்காடு மட்டுமே. அன்று எண் வரிசை கற்க வேண்டியிருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இன்று உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்குள் நுழையும் வயதில் இருக்கின்றனர்.

வேலூரில் பிறந்த ஏணி

குழந்தையை அவர் நிற்கும் படியிலிருந்து தொடங்குவது என்னும் கருத்து, மென்பொருள் நிறுவனங்கள் கண்டுபிடித்ததன்று. தமிழ்நாட்டுக்கு அதில் சொந்த வரலாறு உண்டு. 1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமைத் தளையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகளில் ஒரு சிக்கலை எதிர்கொண்டார். பத்து வயதுக் குழந்தையும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே நாளில் முதன்முறையாகப் பள்ளிக்கு வந்தால் எந்த வகுப்பில் அமர்த்துவது? ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளில் வழக்கிலிருந்த அட்டைகளும் கற்றல் ஏணியும் விடையாக அமைந்தன. 2003இல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது அம்முறை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007–08இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒவ்வொரு குழந்தையும் ஏணியில் தன் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து, முடித்தபின் அடுத்த படிக்குச் செல்லும். மென்பொருள் இன்று செய்வதும் அதுவே. அட்டையைத் தேடி எடுக்கும் வேலையும் திருத்தும் வேலையும் மட்டும் இயந்திரத்துக்கு மாறியுள்ளன.

கொத்தடிமைக் குழந்தைகளின் தேவையிலிருந்து பிறந்த ஒரு கற்பித்தல் முறை, மாநிலக் கொள்கையாகி, பின்னர் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாக அது வேறு வடிவில் திரும்பியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்காக 2025இல் ‘திறன்’ திட்டம் வந்தது. இவற்றின் மதிப்பீடுகள் செயலிகளிலும் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையிலும் பதிவாகின்றன. தரவு ஏற்றுவதிலேயே பாடவேளை கழிகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முறையிட்டுள்ளன. ஞான்சாலா ஆய்வின் எச்சரிக்கையை இங்கே நினைவுகொள்ளலாம்: ஆசிரியரின் நேரத்தைத் தின்னும் தொழில்நுட்பம் இழப்பையே தரும்.

சாதி அறியாத திருத்துநர்

தலித் மாணவருக்கு மென்பொருளில் தனியான ஒரு பயன் இருக்கக்கூடும். விடைத்தாளைத் திருத்தும் கைக்குச் சாதி தெரியும். மென்பொருளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நகரமொன்றில் குழந்தைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் சாதி உள்ளிட்ட விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி ஒட்டி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். அதே தரமுள்ள விடைக்கு, ‘தாழ்த்தப்பட்ட’ சாதி என்று குறிக்கப்பட்டபோது சிறிதளவேனும் குறைவான மதிப்பெண் விழுந்தது. அதற்கு முன்பே கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசத்தின் கிராமப்புறச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதைகளைத் தந்து சோதித்திருந்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது தலித் சிறுவர்கள் மற்றவர்க்கு இணையாகவே புதிர்களை விடுவித்தனர். அனைவர் முன்னிலையிலும் பெயரோடு சாதி வாசிக்கப்பட்டதும் அவர்களுடைய எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. திறமை ஒரு நிமிடத்தில் குறைந்துவிடாது, எதிர்பார்ப்பு குறைந்துவிடும்.

ஆயினும் ஆய்வகத்துக்குள்ளும் வகுப்பறையின் வழக்கங்கள் நுழைந்துவிடுகின்றன. நாற்பது பேருக்கு இருபது கணினி என்றால், ஒருவர் கை விசைப்பலகையில் இருக்கும், மற்றவர் பார்வையாளர். யார் பார்வையாளர் என்பதை வகுப்பின் பழைய அதிகாரம் முடிவுசெய்ய விட்டால், வடோதராவில் இருவருக்கும் கிடைத்த பயன் இங்கே ஒருவருக்கே கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றும் விதி ஒன்றே இதற்குப் போதும்; செலவில்லாத விதி.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது, உதவித்தொகைச் செய்தியை வகுப்பறையில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் தம் அறையில் தனியே தெரிவிக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். அவை காகிதப் பதிவேட்டை மனத்தில் கொண்டவை. கற்றல் செயலிக்கும் அவற்றை நீட்டிக்க வேண்டிய காலம் இது. எமிஸில் மாணவரின் வகுப்புப் பிரிவு பதிவாகியுள்ளது. கற்றல் செயலி எமிஸ் எண்ணோடு இணையும்போது, ஆசிரியரின் திரையில் மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் அந்த விவரமும் தோன்றுமா என்பது மென்பொருள் வடிவமைப்பாளரின் ஒரு வரி முடிவு. அவ்வரியை எழுதுபவர் யார், எவரிடம் கேட்டு எழுதுகிறார்?

தனியுரிமையைப் பொறுத்தவரை நிலைமை நம்பிக்கை தருவதாக இல்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2022இல் 49 நாடுகளின் இணையவழிக் கல்விச் செயலிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகளின் உரிமையை இடருக்குள்ளாக்கின. நம் பாடநூல்களின் கியூஆர் குறியீடுகள் இட்டுச்செல்லும் ‘தீக்‌ஷா’ தளத்தின் செயலியும் இருப்பிடத் தரவு திரட்டியதாக அவ்வறிக்கை கூறியது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளோ கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப் பணிகளுக்காக விலக்களிக்கின்றன.

எட்டாம் வகுப்பின் ‘வாழ்வியல் கணிதம்’

உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்வியல் திறன்களில் முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், பிறர் நிலையுணர்தல் ஆகியவை உண்டு. தொழில் வழித்தடத்துக்கு வந்து சேர்வதற்குள் இப்பட்டியல் சுருங்கிவிடுகிறது. நேரந்தவறாமை, குழுவாகப் பணியாற்றல், நேர்காணலில் ஆங்கிலத்தில் பேசுதல் போன்றவையே எஞ்சுகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் ஆய்ந்து சிந்தித்தல் என்ற திறன், சம்பளச் சீட்டை ஆய்வதில் தொடங்கக் கூடாதா?

தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்புக் கணித நூலில் ‘பட்டியல், இலாபம் மற்றும் நட்டம்’ என்றோர் இயல் உள்ளது. எட்டாம் வகுப்பு நூலில் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற பெயரிலேயே ஓர் இயல். விழுக்காடு, தள்ளுபடி, கூட்டுவட்டி, வேலையும் காலமும் அதில் வருகின்றன. பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது. அவ்விடத்தில் இவ்வட்டாரத்தின் கணக்குகள் இல்லை. வணிகர் வாங்கி விற்கிறார், தந்தை நிலத்தைப் பங்கிடுகிறார், முதலீட்டாளர் வட்டி பெறுகிறார். விற்கவும் பங்கிடவும் எதுவுமில்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குக் கூலிக் கணக்கே வாழ்வியல் கணிதம்.

ஒரு விரிதாளில் செய்யக்கூடிய கணக்கு இது. மாத ஊதியம் 15,000 ரூபாய், முழுவதும் அடிப்படை ஊதியம் எனக் கொள்வோம். வருங்கால வைப்புநிதிக்குத் தொழிலாளரின் பங்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு, ரூபாயாக முழுமைப்படுத்தினால் 113. கைக்கு வர வேண்டியது 13,087. நிறுவனமோ ஒப்பந்ததாரரோ தம் பங்கையும் தொழிலாளரின் ஊதியத்திலிருந்தே பிடித்தால், இந்தக் கழித்தல் தெரிந்தவர் மட்டுமே அதைக் கண்டுபிடிப்பார். இனி மிகுதி நேரம். 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் ஒரு மணிக்கு 72 ரூபாய் 12 காசு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டும் வேலைக்கு இரு மடங்கு ஊதியத்தைக் கட்டாயமாக்கியது. நான்கு மணி நேர ஓவர்டைமுக்கு ஒற்றை வீதத்தில் 288 ரூபாய், சட்டப்படி 577. எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரக்கூடிய பெருக்கல்தான் இது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அத்திருத்தத்தால் ஒரு தொழிலாளரின் நாள்கூலி எப்படி மாறியிருக்கும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கணக்கிடச் சொல்வதைவிடப் பொருத்தமான வாழ்வியல் கணக்கு இவ்வட்டாரத்துக்கு வாய்க்காது.

கடன் கணக்கு இதைவிட அவசரமானது. ‘ஆண்டுக்கு 12 விழுக்காடுதான்’ என்று சொல்லி 50,000 ரூபாய் தருகிறார்கள் என்போம். இரண்டாண்டுக்கு நிலையான வட்டி 12,000, மொத்தம் 62,000, 24 தவணையில் மாதம் 2,583 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி முழு அசலுக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் உண்மை வீதம் ஏறத்தாழ 21.5 விழுக்காடு. தாளில் இதைக் கண்டறிவது பள்ளிக் கணிதத்துக்கு அப்பாற்பட்டது. விரிதாளில் 24 வரிசைகளை இட்டு, வீதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால், கடைசி வரிசையில் பாக்கி சுழியமாகும் இடத்தை எட்டாம் வகுப்பு மாணவரே கண்டுவிடலாம். கணினி இல்லாமல் செய்ய முடியாத, கணினி இருந்தால் எளிதாகிவிடுகிற வேலை இதுவே. மென்பொருளுக்கான நியாயத்தை இங்கே தேட வேண்டும். அசைபடப் பொம்மைகளில் அன்று.

இந்த மண்ணில் கடனுக்கும் கணக்கறிவுக்கும் நெடிய உறவு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை, சிறு கடனுக்காக உழைப்பையே அடகு வைத்த படியாட்களின் வாழ்வைப் பதிவு செய்தது. 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு இட்டுச்சென்றது. 1894இல் அயோத்திதாசரும் அவருடைய தோழர்களும் துணைநிற்க, ஆல்காட் சென்னையில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபின்பும், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுள்ளன. எழுதாத கணக்கும் சரிபார்க்க முடியாத பாக்கியுமே முன்பணத்தைத் தளையாக்குகின்றன.

இக்குழந்தைகளுக்குக் கணக்கே வராது என்ற பேச்சையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். பானர்ஜி, டஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலைசெய்யும் சிறாரைப் பற்றியது. சில்லறைக் கணக்கை மனத்திலேயே பிழையின்றிப் போட்ட அச்சிறார், அதே அளவு கடினமான கணக்கைப் பாடநூல் வடிவில் தந்தபோது தடுமாறினர். பள்ளி செல்லும் குழந்தைகளோ ஏட்டுக் கணக்கைச் செய்து, சந்தைக் கணக்கில் திணறினர். இருவகை அறிவும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. பாடத்திட்டமும் மென்பொருளும் கட்ட வேண்டிய பாலம் இதுதான். வார நாளில் பூ கட்டி விற்கும் தாய்க்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சிறுமியிடம் கணக்கறிவு ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி அதை அறிவாக ஏற்றுக்கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் தொழில் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் வரும் வாழ்வியல் திறன் பாடம் சொல்லித் தருமா? 2021 டிசம்பரில் விடுதி உணவால் உடல்நலம் குன்றிய சக தொழிலாளர்களுக்காக ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர்; அவர்களுடைய சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவு பெற்றது. முடிவெடுத்தல், கருத்தைத் தெளிவாக முன்வைத்தல், நெருக்கடியைத் தாங்குதல் ஆகிய மூன்று வாழ்வியல் திறன்களும் அங்கே தெருவில் இருந்தன. அவற்றை எந்த நிறுவனமும் தன் செயலியில் பாடமாக வைக்காது என்பது குற்றச்சாட்டன்று, இயல்பு. அதனாலேயே பாடப்பொருளை எழுதும் அதிகாரம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்திடமும் ஆசிரியர்களிடமும் இருக்க வேண்டும். நிறுவனம் கணினியைத் தரலாம்.

கேரளத்தின் வழியும் நம் கையிலிருப்பதும்

அண்டை மாநிலத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. கேரளத்தில் 2001இல் ‘ஐடி@ஸ்கூல்’ என்று தொடங்கி இன்று ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக இயங்கும் அமைப்பு, கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளுக்குத் தெரிந்தெடுத்தது. உரிமக் கட்டணம் இல்லை, மலையாளத்தில் இடைமுகம், ஆசிரியர்களே பாடப்பொருளை உருவாக்கப் பயிற்சி. ஜியோஜீப்ரா அங்கே கணித வகுப்பின் அன்றாடக் கருவி. தமிழ்நாட்டுக் கணித நூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளிலும் ஜியோஜீப்ரா உள்ளது. அதைத் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர் என்பதே வேறுபாடு.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் நேரடி நிர்வாகத்தில் இல்லை. அவற்றை இணைக்கும் அறிவிப்பு 2023 நிதிநிலை அறிக்கையில் வந்து, எதிர்ப்பும் விவாதமும் எழுந்தன. இணைப்பு சரியா தவறா என்ற வாதம் நீளட்டும். ஆய்வகமும் பயிற்சியாளரும் பராமரிப்பும் அப்பள்ளிகளுக்கு அதே நாளில் சேர வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2025 ஜூலையில் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் மாற்றம் பெற்ற விடுதிகளிலும் மாலை நேரம் இருக்கிறது. மென்பொருள் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வரும்போதே பயன் தருகிறது என்று ஞான்சாலா காட்டியதற்கு, விடுதியின் மாலை நேரத்தைவிடப் பொருத்தமான இடம் தேட வேண்டியதில்லை. ஒரு கணினி அறையும், தில்லி ஆய்வில் இருந்ததுபோலச் சிறு குழுவுக்குக் கற்பிக்க ஒரு பயிற்றுநரும் போதும்.

பெற்றோரின் கையிலும் ஒரு கருவி உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்தம் விகிதப்படி இடம் தரப்பட வேண்டும். கணினி அறையின் பூட்டு வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, என் மகள் விசைப்பலகையில் கை வைத்தது எத்தனை நிமிடம், அவள் எந்த வகுப்புக் கணக்கில் நிற்கிறாள் என்று செயலி சொல்கிறது, பழுதான கணினியை எத்தனை நாளில் சரிசெய்வார்கள், அவளைப் பற்றிய தரவு எந்த நிறுவனத்திடம் போகிறது ஆகிய ஐந்து கேள்விகளையும் அடுத்த கூட்டத்தில் கேட்டு, விடைகளைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யலாம். அதற்குக் கணினி அறிவு தேவையில்லை.